ஏழரை மணி ஜெபம்

எங்கள் வீட்டில் சண்டைக்கு ஒரு கெடு இருந்தது. இரவு ஏழரை மணி. அதற்குள் யார் யாரோடு முறைத்துக்கொண்டிருந்தாலும் பேசித் தீர்த்துவிட வேண்டும். ஏழரைக்கு அப்பா கூடத்தில் கோரைப்பாயை விரிப்பார். பாய் விரிந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார யாருக்கும் அனுமதி இல்லை. கோபத்தோடு இருக்கையில் சூரியன் மறைந்துவிடக் கூடாது என்று பவுல் எபேசு சபையாருக்கு எழுதினார். அப்பா பள்ளிக்கூடம் முடித்து, டியூஷனும் முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால் எங்களுக்கு அது ஏழரை ஆயிற்று.

காஞ்சிபுரத்தில் நெசவுத் தெரு ஒன்றின் கடைசி வீடு எங்களுடையது. எங்களைத் தவிர எல்லா வீட்டிலும் தறி. குழித்தறியில் மிதிக்கிற சத்தமும் நாடா ஓடுகிற சத்தமும் விடிகாலையில் தொடங்கினால் ராத்திரி எட்டு வரை ஓயாது. ஜெப நேரத்தில் எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு மேலே குரலை ஏற்றித்தான் கீர்த்தனை பாடுவோம். வேதநாயக சாஸ்திரியார் எழுதியவை அப்பாவுக்கு மனப்பாடம். அவருக்கு ராகம் நின்றதில்லை, தாளம் மட்டும் பிசகாது. எதிர்வீட்டில் பலகை அடிக்கிற வேகத்தை ஒட்டியே எங்கள் தாளமும் போகும் என்று அக்கா சொல்வாள்.

பாட்டு முடிந்ததும் ஓர் அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து தம்பிக்கும் அதில் பங்கு. பிறகு ஜெபம், சின்னவரிலிருந்து பெரியவர் வரை: தம்பி, நான், அக்கா, அம்மா, அப்பாவைப் பெற்ற ஆயா. முடித்துவைப்பது அப்பா. எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தால் சோறு.

அப்பா வைத்திருந்த ஒரே விதி, பேர் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்பது. 'எல்லோரையும் ஆசீர்வதியும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்று யாரோடு சண்டை போட்டோமோ அவர் பெயர் கட்டாயம் வர வேண்டும், அவர் காதில் விழும்படி. ஆனால் புகார் சொல்லக் கூடாது. தம்பி என் பென்சிலை ஒடித்துவிட்டான், அவனைத் திருத்தும் ஆண்டவரே என்றால் அது ஜெபத்தில் சேராது. தம்பிக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, கூட இருங்க என்றால் சேரும். பக்கத்தில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு முன்னால் அதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். சொல்லி முடித்தபின் அவனை முறைக்க முடியாது.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை 1647-ல் குடும்ப ஆராதனைக்கென்றே ஒரு வழிகாட்டியை ஏற்படுத்தியது. ஒவ்வொரு வீட்டிலும் வேதவாசிப்பும் ஜெபமும் தவறாமல் நடக்க வேண்டும், நடத்தாத குடும்பத் தலைவரை மூப்பர்கள் கண்டிக்க வேண்டும் என்றது அது. அந்தத் திருச்சபையிலிருந்துதான் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். காஞ்சிபுரத்திலும் ஒரு கிளைப்பள்ளி தோன்றியது. ஆண்டர்சன் பெயரில் அது இன்றும் நடக்கிறது. சென்னைப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் சிலரைச் சேர்த்ததற்காக மற்ற மாணவர்கள் கூட்டமாக வெளியேறியபோதும், அந்தப் பையன்களை அனுப்ப முடியாது என்று ஆண்டர்சன் நின்றார். அப்பா இதை ஒரு குடும்பச் செய்தி போலச் சொல்வார். எங்களுக்கு அது குடும்பச் செய்திதான்.

ஏனென்றால் என் பூட்டனார் பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் சேரியில் பண்ணையாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் ஊழியம் செய்த வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் சேரி மக்களின் நிலைமையை அரசாங்கத்தின் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். 1892-ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோமே, அதன் தொடக்கம் அங்கேதான். எங்கள் பூட்டனாருக்கு நிலம் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் கிடைத்தது. பண்ணையில் அவரை 'டேய்' என்பதற்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லையாம். ஞானஸ்நானத்தன்று முதல் தடவையாக அவர் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லி, ஒரு பதிவேட்டில் எழுதினார். எங்கள் வீட்டில் பேர் சொல்லி ஜெபிக்கிற விதி அங்கிருந்து வந்தது என்பது அப்பாவின் எண்ணம். 1647-ஆம் ஆண்டு வழிகாட்டியைவிட எனக்கு இந்தக் காரணம்தான் பெரிதாகப் படுகிறது.

வீட்டு வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் அந்தப் பூட்டனார் பெயரிலிருந்து தம்பி பெயர் வரை வரிசையாக எழுதியிருக்கும். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், கல்யாணம், அடக்கம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கையெழுத்து, ஒரு மை.

அம்மா தார் சுற்றுவாள். எதிர்வீட்டுத் தறிக்கு வேண்டிய ஊடைப் பட்டை ராட்டையில் வைத்துச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. உலை கொதிக்கிற நேரம், நாங்கள் தூங்குகிற நேரம் என்று கிடைத்த நேரத்திலெல்லாம் சுற்றுவாள். வருகிற கூலியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒருநாள் அந்தப் பாட்டிலைத் திறந்து பார்த்தால் காசு இல்லை. சித்தப்பாவுக்குக் கடன் நெருக்கடி. அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்கவில்லை.

அன்று ஏழரைக்குப் பாய் விரிந்தது. அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். தம்பி ஜெபித்தான், நான் ஜெபித்தேன், அக்கா ஜெபித்தாள். அம்மாவின் முறை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுத் தறி ஓடுகிறது. அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆயாவும் தன் முறையை எடுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து அப்பாதான் தொடங்கினார். ஆண்டவரே, கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அம்மா அப்போதுதான் பேசினாள். "அவர்கிட்ட சொல்றீங்க. அவரு பாத்துக்கினுதான் இருந்தாரு. எங்கிட்டதான சொல்லல."

ஆயா தன் மகனைப் பார்த்து, "அவ சொல்றது சரிதான், சொல்லுடா" என்றாள். பிள்ளைகள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "கேக்காம எடுத்தது தப்புதான்" என்றார். அதன் பிறகு அம்மா ஜெபித்தாள். சித்தப்பா பெயரையும் சித்தி பெயரையும் சொல்லி, அவர்கள் கடன் தீர வேண்டும் என்று கேட்டாள். ஆமென் சொல்லி எழுந்த கையோடு, மாசம் அஞ்சு ரூபா அந்தப் பாட்டில்ல திரும்ப விழணும் என்று அப்பாவிடம் சொன்னாள். விழுந்தது.

காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு மலையில் சொன்னதற்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அம்மா அன்று பாயில் உட்கார்ந்து சொன்ன அளவுக்கு எதுவும் எனக்குள் இறங்கவில்லை. மனுஷரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கடவுளிடம் கேட்டு முடித்துக்கொள்கிற சுலபவழியை அவள் மறித்து உட்கார்ந்தாள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஒரு ராத்திரி மாதிரி எல்லா ராத்திரியும் இருக்கவில்லை. கெடு நெருங்க நெருங்க முதலில் இறங்கி வந்தது பெரும்பாலும் அம்மாதான். அடுப்படியிலிருந்து எழுந்து போய், "சரி, வாங்க" என்று அப்பாவைக் கூப்பிடுவாள். யார் பக்கம் நியாயம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வீட்டின் சமாதானத்துக்கு அவள் கொடுத்த விலையை மறைத்துவிட்டு அந்த வீட்டுக்காக ஏங்க எனக்கு மனமில்லை. ஆனால் அப்படி இறங்கி வந்தவளுக்கே ஒருநாள் இறங்காமல் உட்காரவும் இடம் கொடுத்தது அந்தப் பாய். வேறு எந்த இடத்தில் அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

சுவருக்குள்ளே நடந்த ஜெபம் தெருவுக்கும் கேட்கும். எதிர்வீட்டுப் பையன் தம்பியோடு படித்தவன், கெட்டிக்காரன். ஐந்தாம் வகுப்போடு அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறியில் கோர்வைக்கு நிறுத்திவிட்டார்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். நெய்கிறவர் ஒரு பக்கம் நாடாவைத் தள்ள, கரைப்பக்கம் நாடா வாங்கிக் கோர்த்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அநேகமாக ஒரு பிள்ளையின் கையாக இருந்த காலம் அது. அப்பா போய்ப் பேசிப் பார்த்தார். கூலிக்கு ஆள் வைத்தால் எனக்கு என்ன மிஞ்சும் வாத்தியாரே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. இவர் கையில் நிற்பது கூலி மட்டும்.

அன்றிலிருந்து ராத்திரி தவறாமல் அந்தப் பையன் பெயர் எங்கள் ஜெபத்தில் வந்தது, அவன் திரும்பப் பள்ளிக்கு வர வேண்டும் என்று. கீர்த்தனைக்கு ஏற்றிய குரலை அப்பா இறக்க மறந்துவிடுவார். ஒருநாள் விடிகாலை தெருக்குழாயடியில் அந்தப் பையனின் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் அம்மாவிடம் சண்டைக்கு வந்தார். "எம்புள்ளயப் பத்தி உங்க சாமிகிட்ட தெனம் கோள் சொல்றாரே உங்க வூட்டுக்காரரு, நாங்க என்ன அவனப் பட்டினியா போட்டோம்?"

அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்று மாலை இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். அடுத்த வாரம் முதல் தறி நின்றபின் எட்டரை மணிக்கு அந்தப் பையன் சிலேட்டோடு எங்கள் திண்ணைக்கு வந்தான். அப்பாவின் ஜெபம் கேட்கப்பட்டதென்றால் பாதிதான் கேட்கப்பட்டது. அவன் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. தனித்தேர்வு எழுதிப் பத்தாவது முடித்தான், பிறகும் தறியிலேயே இருந்தான்.

அந்தத் திண்ணை ஒரே நாளில் அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாகிவிடவில்லை. நாங்கள் குடிவந்த புதிதில் அவர்கள் வீட்டு வாசற்படிக்கு மேல் ஏறியதில்லை, எங்கள் வீட்டில் அவர்கள் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அதை மாற்றியது ஆயா. ஆயா மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். எதிர்வீட்டு அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகி விடிய விடிய இழுத்தபோது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். குழந்தையைத் துடைத்து முதலில் கையில் வாங்கியவளும் அவளே. கையால் தொட்டுக் காப்பாற்றியவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு நா எழவில்லை. அதற்குப் பிறகு ஆயாவை அந்தத் தெருவே ஆஸ்பத்திரி ஆயா என்றது.

அந்த வருஷத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முதல் தட்டு வந்தது. அதிரசம், முறுக்கு, ஒரு கிண்ணத்தில் சுழியம். கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "சாமிக்குப் படைக்கிறதுக்கு மின்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன் வாத்தியாரம்மா, தாராளமா சாப்பிடலாம்" என்றார். கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று எழுந்த சண்டைக்குப் பவுல் ஒரு முழு அதிகாரம் பதில் எழுதினார். உன் சுதந்திரத்தைவிட உன் சகோதரனின் மனசாட்சி பெரிது என்பதே அதன் சாரம். பவுல் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு நெசவாளர் வீட்டு அம்மா, எங்கள் மனசாட்சியை நினைத்து, எண்ணெய்ச்சட்டியிலிருந்து இறக்கும்போதே எங்கள் பங்கை ஒதுக்கியிருந்தார். ஆயா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி அவள் பண்ணிய ஸ்தோத்திரத்தில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை, அழுதாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. சர்க்கரை போட்டுக் கொடுத்தோம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போனது. வருஷங்கள் போகப் போக எது யார் தட்டு என்று தெரியாமல் போயிற்று. வீடு காலி செய்தபோது அடியில் அவர்கள் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகள் எங்கள் அலமாரியில் இருந்தன.

அக்காவின் கல்யாணப் புடவையையும் அந்த வீட்டில்தான் நெய்தார்கள். எங்கள் வழக்கப்படி கோயிலில் ஆராதனைக்கு மணப்பெண் வெள்ளை அல்லது சந்தன வெள்ளையில் ஜரிகைப் பட்டு கட்டுவாள். எதிர்வீட்டுக்காரருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. கல்யாணப்பொண்ணுக்கு வெள்ளையா என்று நாலு நாள் இழுத்தடித்தார். அரக்கில் ஒரு கரையாவது போடலாம் என்றார். அப்பா வேதாகமத்தில் வெண்ணங்கி எங்கெல்லாம் வருகிறது என்று எடுத்துச் சொன்னார். அவர் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. தறியில் பாவு ஏற்றுகிற அன்று எங்கள் வழக்கப்படி கற்பூரம் காட்டுவேன், நீங்களும் வந்து உங்கள் வழக்கப்படி ஜெபம் பண்ண வேண்டும் என்றார். அப்பா போனார். தறிக்குழிக்கு இந்தப் பக்கம் கற்பூரம் எரிந்தது, அந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நெய்கிறவர் பெயரையும் கட்டப்போகிறவள் பெயரையும் சொன்னார். புடவை முடிந்து வந்தபோது தலைப்பின் ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி இது நமக்கு ஆகுமா என்று முகம் சுளித்தாள். அம்மா, "குழம்புலயும் தெனம் போடுறோம்" என்று சொல்லிப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

1921-ல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தின் வளைவுகளுக்குக் கீழே அந்தப் புடவையோடு அக்கா நின்றாள். எதிர்வீட்டார் ஆறு பேரும் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று திண்ணைப் பள்ளிப் பையன் அவர்களுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தான். ஏழரை மணிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் அல்லவா.

இதற்கெல்லாம் நடுவில் 1979 வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளுகிற ஆண்டு. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கெங்கோ இருந்து உறவுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். எதிர்வீட்டில் தறி போக மிச்சமிருந்த இடத்தில் படுக்க இடமில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டு நின்றவர்களை ஆயாவே கூப்பிட்டுப் பெண்களை எங்கள் வீட்டில் படுக்கச் சொன்னாள். நாலைந்து பேர், அதில் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி.

ஏழரை ஆயிற்று. அப்பா தயங்கினார். தரிசனத்துக்கு வந்தவர்களைக் கூடத்தில் வைத்துக்கொண்டு நம் ஜெபத்தைப் பண்ணுவது மரியாதையா, அவர்களுக்காக ஜெபத்தை விடுவது சரியா? 1647-ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது என்பதைப் பல வருஷம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டேன். குடும்ப ஜெபத்தில் வேறு குடும்பத்தாரைக் கூட்டிச் சேர்க்க வேண்டாம், ஆனால் உன் வீட்டில் தங்கியிருப்பவர்களும் சாப்பிட உட்கார்ந்தவர்களும் இருக்கலாம் என்கிறது அது. எழுதியவர்கள் காஞ்சிபுரத்தையும் அத்திவரதரையும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அப்பா அதைப் படித்தவரில்லை. அவராகவே பாயை விரித்து, குரலைத் தணித்துப் பாடத் தொடங்கினார். வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பெயர் பெயராக வருவதை அந்தக் கிழவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா முடிக்கப் போகிற நேரத்தில், "சாமி, எம் பேத்திக்கும் சேத்துக் கேளுங்க, நாலு வயசாவுது, இன்னும் பேச்சு வரல" என்றாள். அப்பா கண்ணைத் திறந்து பெயர் கேட்டார். சொன்னாள். அப்பா அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மறுநாள் அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் வரிசையில் அது தம்பிக்கு ஒதுக்கப்பட்டது. நான் கல்யாணமாகி அந்த வீட்டை விட்டுப் போகிற வரை, முகமே தெரியாத அந்தக் குழந்தைக்குப் பேச்சு வர வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

எப்படி நின்றுபோயிற்று என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. டி.வி. வந்தது, ஏழரை மணிக்குத் தொடர் வந்தது. அதையாவது அப்பா சமாளித்தார். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனதை எப்படிச் சமாளிப்பார்? அக்கா வேலூருக்கு, நான் தாம்பரத்துக்கு, தம்பி மஸ்கட்டுக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் எழும்பின. தெருவுக்கு விடிகாலையிலும் நடுராத்திரியிலும் கம்பெனி பஸ் வந்தது. திண்ணையில் படித்தவனின் மகள் 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலைக்கு ஷிப்ட்டுக்குப் போனாள். 2014-ல் அது மூடப்பட்டபோது தறிக்குத் திரும்பவில்லை. அவள் அப்பாவே தறியைக் கழற்றிவிட்டுக் குழியை மண்கொட்டி மூடியிருந்தார். பட்டின் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நெய்கிற பிள்ளைகள் கிடைக்கவில்லை. அப்பாவும் ஆயாவும் போனபின் அம்மா அந்த வீட்டில் தனியாகப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டை விற்றோம். 2019-ல் அத்திவரதர் மறுபடி எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் ஊர் திணறியபோது, தங்க வந்தவர்களுக்குத் திறந்துவிட எங்களுக்கு அங்கே ஒரு கதவு இல்லை.

எனக்கு இன்று ஜெபத்துக்குப் பஞ்சமில்லை. சபையின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். யாருக்கோ ஆபரேஷன், யாருக்கோ விசா. கைகூப்பிய படம் ஒன்றை அனுப்புகிறேன், மனசாரத்தான் அனுப்புகிறேன். அவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அவர்களும் என் கோபத்தைப் பார்த்ததில்லை. கணவர் ஒரு நேரம், நான் ஒரு நேரம், அவரவர் போனில் அன்றைய வசனத்தைப் படித்துக்கொள்கிறோம். சண்டை போட்டால் அது நாள்கணக்கில் நிற்கிறது, எந்த மணியும் அதைத் தடுப்பதில்லை. மனசுக்குள் ஜெபித்துக்கொள்வதும் ஜெபம்தான், கடவுள் கேட்கிறார். ஆனால் நான் யாருக்காகக் கேட்கிறேனோ அவர் கேட்பதில்லை. அந்த இரண்டாவது காதுதான் எங்கள் ஜெபத்தை உண்மையாக வைத்திருந்தது.

வீடு விற்ற காசைப் பிரித்ததில் எனக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம். அவன் பக்கத்துக் கணக்கு அவனுக்கு, என் பக்கத்துக் கணக்கு எனக்கு. அதற்குப் பிறகு பண்டிகைக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவதோடு சரி. இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரையும் தம்பி பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லி ஜெபிப்பாள். போன மாதம் ஒருநாள் கண்ணைத் திறந்து, "அவன் காதுல விழாம சொல்லி என்னா பிரயோஜனம், போன் போடு" என்றாள். போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். மஸ்கட்டில் அப்போது மணி ஆறு, அவன் வேலையிலிருந்து திரும்புகிற நேரம். வண்டிச் சத்தம் கேட்டது.

அம்மா முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். வீடு விற்ற காசைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விதி அவளுக்கு மறக்கவில்லை, புகார் சொல்லக் கூடாது. அவன் முதுகு வலியைச் சொன்னாள், என் சர்க்கரையைச் சொன்னாள். பிறகு, "எம் மவன் அவங்கக்காவோட பேசணும் ஆண்டவரே" என்றாள். ஆமென் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும். "சாப்ட்டியாக்கா?" என்றான். இன்னும் இல்லடா என்றேன். இட்லியா என்றான். உப்புமா என்றேன்.

அதற்கு மேல் அன்று இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பாயாக இருந்திருந்தால் எழுந்து போக முடியாது, அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும், காசு விஷயத்தையும் யாராவது ஒருவர் எடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடுகிறது. திரும்ப எப்போது போடுவது என்று அம்மாவைக் கேட்டேன். "நாளைக்கு" என்றாள்.